மருந்துப் பெட்டி அனுப்பியவர் பெயர்

பாம்பு கடித்துப் பிழைத்து வீடு திரும்பிய மனுஷி முதலில் என்ன கேட்பாள்? ஒரு வாய் காப்பி கேட்பாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்பாள். பிலவேந்திரனின் மனைவி சுபா ஒரு பெயரைக் கேட்டாள். அந்தப் பெயரைத் தேடித்தான் ஐம்பத்தாறு வயதில், மண்டை பிளக்கிற மே மாத வெயிலில், பிலவேந்திரன் ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு மாவட்டம் விட்டு மாவட்டம் அலைய வேண்டியதாயிற்று.

செந்துறைக்குத் தெற்கே சூசைப்பேட்டை என்கிற சின்ன ஊரில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுபா சருகுக்குள் கைவிட்டுக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கண்ணாடி விரியன் மணிக்கட்டில் ஒரு போடு போட்டுவிட்டது. பிலவேந்திரன் அவளைப் பைக்கில் உட்காரவைத்து, சரிந்துவிடாமல் இருக்கத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பறந்தார். அங்கே பாம்புக்கடி மருந்து இருக்காது என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். காய்ச்சல் மாத்திரை, பிரஷர் மாத்திரை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, அவ்வளவுதான் அங்கே. ஆனால் ஆம்புலன்ஸ் அந்த வாசலுக்குத்தான் வரும் என்பதால் வேறு போக்கில்லை.

நர்ஸ் ஆர்த்தி சுபாவின் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்திவைத்தாள். இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்துப் பார்த்தபோது அது உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடியது. பிலவேந்திரன் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஆர்த்தி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்தாள். உள்ளே பத்துக் குப்பிகள் வரிசையாக நின்றன.

"நேத்து மத்தியானம்தாங்க வந்துச்சு. நாங்க கேக்கவே இல்ல. தானா வந்து எறங்குச்சு" என்றாள் ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டே.

ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் பாதி மருந்து சுபாவின் உடம்புக்குள் போயிருந்தது. அங்கேயே ஏற்றாமல் வந்திருந்தால் வழியிலேயே முடிந்திருக்கும் என்று அரியலூரில் பெரிய டாக்டர் சொன்னார். எட்டாம் நாள் சுபா வீடு வந்தாள். கை மட்டும் இன்னும் வீங்கியிருந்தது.

ஆம்புலன்ஸில் மயக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே அவள் ஒரு வேண்டுதல் செய்திருந்தாள். மருந்து அனுப்பியவர் பெயரைச் சொல்லி, மாதா வணக்க மாதமான மே முடிவதற்குள் நன்றிப் பூசை வைக்கிறேன் என்று. மாதாவிடம் கொடுத்த வாக்கு. மே மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி இருந்தது.

கோயில் உபதேசியார் அமல்தாஸ்தான் யாருக்காக, எதற்காகப் பூசை என்கிற கருத்தை எழுதிவைத்து வாசிக்கிறவர். நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "பேரு என்னன்னு போடட்டும்?" என்றார்.

"தெரியலியே" என்றார் பிலவேந்திரன்.

"அப்ப, மருந்து அனுப்பிய புண்ணியவானுக்குன்னு போட்டுருவோமா?"

"புண்ணியவானுக்குப் பேரு கெடையாதா?" என்றாள் சுபா. "வூட்டுக்கு வந்த பால்காரனுக்குப் பேரு இருக்கு. என் உசிரக் காப்பாத்துனவங்களுக்கு இல்லையா?"

அமல்தாஸ் பேனாவை மூடினார். "சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. அதுக்கு மேல எழுத மாட்டேன்."

வெளியே வந்ததும் சுபா புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, யாருன்னு கண்டுபிடிச்சு, நம்ம மரத்துப் பழத்த ஒண்ணு குடுத்து, பூசைக்கு நேர்ல அழைச்சிட்டு வாங்க."

நம்ம மரத்துப் பழம் என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். தோப்பு ஓரத்தில் நிற்கும் அந்த ஒற்றைப் பலாவின் பழத்தை யாருக்கும் கொடுத்துப் பழகியவர் அல்ல பிலவேந்திரன். மைத்துனன் கேட்டபோதே காய்ப்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியவர். ஆனால் பெண்டாட்டி பிழைத்து வந்த சந்தோஷம் அவரை ஆட்டிவைத்திருந்தது. இருப்பதில் பெரியதாகப் பார்த்துப் புதன்கிழமை காலை வெட்டி இறக்கினார். இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும் பதத்தில் இருந்தது. அதற்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும்.

முதலில் ஆர்த்தியிடம் போனார். அவள் பழத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஊசி போட்டது நானு, சரி. அத அனுப்புனது நான் இல்லியே. கேக்காம வந்த மருந்துக்கு நான் எப்புடிங்க பேரு வாங்கறது? நாளைக்கு வேன் வரும். உத்திராபதின்னு ஒருத்தர் ஓட்டுவாரு. அவரக் கேளுங்க."

வியாழக்கிழமை பத்து மணிக்கெல்லாம் நிலையத்து வேப்பமரத்தடியில் பழத்தோடு உட்கார்ந்துவிட்டார். பதினொன்றரைக்கு வேன் வந்தது. உத்திராபதி இறங்குவதற்குள் பிலவேந்திரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் உத்திராபதிக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணே, என்னைய மட்டும் வாழ்த்திப்புடாதீங்க. அன்னைக்கு என் ரூட்டுல உங்க ஊரே கெடையாது. செந்துறையோட திரும்பறதாத்தான் இருந்துச்சு. காலையில பாத்தா போன்ல புதுசா ஒரு எடம் ஏறி நிக்குது, இங்க போயிட்டுப் போன்னு. பதினெட்டு கிலோமீட்டர் சுத்து. நான் வழி பூரா திட்டிக்கிட்டேதான் வந்தேன்."

"திட்டிக்கிட்டே வந்தாலும் வந்தீங்கள்ல" என்றார் பிலவேந்திரன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உத்திராபதி தலையைச் சொறிந்தார். "முன்னல்லாம் ஆபீஸ்ல பேப்பர் குடுப்பாங்க, வாரா வாரம் ஒரே ரோடு. இப்ப போன்தான் சொல்லுது. ஒரு நாளு இப்புடிப் போ, மறுநாளு அப்புடிப் போ. யாரு சொல்றாங்கன்னு எனக்கும் தெரியாது. நீங்க பெரம்பலூர் கிடங்குக்குப் போயிப் பரணிதரன் சாரைப் பாருங்க."

பழத்தை அவரும் வாங்கவில்லை. திட்டினவனுக்குப் பழம் எதற்கு என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பிலவேந்திரன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பழத்தைச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு, செந்துறை போய், அரியலூர் போய், பெரம்பலூர் பஸ் ஏறினார். பழம் அன்றைக்குத்தான் கனிய ஆரம்பித்திருந்தது. அரியலூர் தாண்டுவதற்குள் பஸ் முழுக்க வாசனை. கண்டக்டர் இரண்டு தடவை அவர் பக்கம் வந்து போனார். இறங்கும்போது, "பெரியவரே, ஒரு சொளையாவது குடுத்திருக்கலாம்" என்றார் வாய்விட்டு. பிலவேந்திரனும் வெட்கப்படாமல், இது ஒருத்தருக்கு நேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கிடங்கு என்றால் அவர் நெல் மண்டி மாதிரி நினைத்திருந்தார். இதுவோ கூரை வரை இரும்புத் தட்டுகள், ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலும் கறுப்புக் கோடு போட்ட சீட்டு. பெட்டியை எடுக்கிறவர் அந்தச் சீட்டைக் கையிலிருந்த கருவிக்குக் காட்டினார். அது கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்த பிறகுதான் பெட்டி நகர்ந்தது. மருந்து வாசனையைப் பலா வாசனை அமுக்கியதும் ஆளாளுக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மூலை மேசையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்பது வயதுக்காரர்தான் பரணிதரன். பிலவேந்திரன் சாக்கை இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, முழுக் கதையையும் சொன்னார்.

பரணிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்டம்மா நல்லாருக்காங்களா இப்ப?"

"நல்லாருக்கா சார். கையி கொஞ்சம் வீக்கம். மத்தபடி என்னைய விரட்டற அளவுக்குத் தெம்பா இருக்கா."

"ரொம்ப சந்தோசங்க. இங்கேருந்து பெட்டிங்க போவும். போன எடத்துல என்ன ஆச்சுன்னு யாரும் வந்து சொன்னதில்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா அனுப்புனது நான் இல்ல. முன்னல்லாம் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் எழுதிக் கேக்கும், நாங்க அனுப்புவோம். கேக்கத் தெரிஞ்ச ஊருக்கு நெறைய போவும், கேக்காத ஊருக்குப் போவாது. போன வருசம் ஏஐ ஒண்ணு போட்டாங்க. பழைய நோட்டுங்க எல்லாத்தையும் அதுல ஏத்தியிருக்கு. மழை, அறுவடை, ரோடு தூரம் எல்லாத்தையும் சேத்துப் பாத்து, எந்த மருந்து எங்க தேவைப்படும்னு கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடும். வேனு எந்த வழியா போவணும்னும் அதுவே போட்டுரும். நான் சரின்னு ஒரு பட்டன அமுக்கணும், அவ்வளவுதான்."

"நீங்க அமுக்கலன்னா?"

"போவாது."

"அப்ப உங்க பேரையே போட்டுடறேன் சார்" என்று பிலவேந்திரன் சாக்கின் வாயை அவிழ்க்கத் தொடங்கினார்.

பரணிதரன் சிரித்துவிட்டார். "ஒரு நாளைக்கு இருநூறு தடவ அமுக்கறேங்க. உங்க ஊரு பேரக்கூடப் படிச்சிருக்க மாட்டேன். இதுக்குப் போயி எம்பேர எழுதி, என்னை மாதா முன்னாடி பொய்க்காரனாக்கிடாதீங்க."

பிலவேந்திரன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதற்குப் பெயர் கேட்டு, அமல்தாஸ் நோட்டில் எழுதினால் ஊரே சிரிக்கும். வெறுங்கையோடு திரும்பினால் சுபா சிரிக்கமாட்டாள். நாளைக்குச் சனிக்கிழமை.

"சார், கோவிச்சுக்காதீங்க. எத்தினியோ ஊரு இருக்கு. அது ஏன் எங்க ஊருக்கு அனுப்புச்சுன்னு கேட்டுச் சொல்ல முடியுமா?"

பரணிதரனின் கை மேசைமேல் நின்றது. ஏன் என்று அதனிடம் அவரும் கேட்டதில்லை. கேட்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். திரையில் வரிகள் வந்தன. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"முந்திரி அறுவடைக் காலம். பெரிய ஆஸ்பத்திரி தூரம். பழைய பாம்புக்கடிப் பதிவு மூணு." கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். "ரெண்டு பதிவுல ஒண்ணும் இல்ல. பாம்புக்கடி, மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது, அவ்வளவுதான். எல்லா ஊருலயும் இப்புடித்தான் எழுதுவாங்க. ஆனா இந்த மூணாவது பாருங்க. ஆண், நாப்பத்தாறு வயசு. முந்திரித் தோப்பு, கொட்டை பொறுக்கும்போது. கடிச்சது காலை ஏழு நாப்பது. நிலையத்துக்கு வந்தது எட்டு அஞ்சு. மருந்து இருப்பு இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது எட்டு அம்பது. இறப்பு ஒம்பது இருவது, போற வழியில."

பிலவேந்திரன் அவிழ்த்த சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இப்புடி ஒரு பதிவு நான் பாத்ததே இல்லைங்க. இத வெச்சுத்தான் அது முடிவே பண்ணியிருக்கு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள மருந்து ஏத்துனாத்தான் இந்த ஊர்ல ஆளு பொழைக்கும், அதனால மருந்து அங்கயே இருக்கணும்னு. இவ்வளவு வெவரமா எழுதச் சொல்லி யாரோ விடாம நின்னுருக்கணும். அவங்களுக்குத்தான் நீங்க பழம் குடுக்கணும். பேரு மட்டும் இருக்காது, பேர எடுத்துட்டுத்தான் இதுல ஏத்துவாங்க. தேதி இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி..."

"பெரிய வியாழக்கிழமை" என்றார் பிலவேந்திரன். "பேரு எனக்குத் தெரியும் சார். அது என் தோப்பு."

குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மதுரைவீரன். இருபது வருஷம் அவர் தோப்பில் வேலை பார்த்தவன். பெரிய வெள்ளிக்கு முன்னால் கொட்டை பொறுக்கி முடித்துவிட வேண்டும் என்று பிலவேந்திரன்தான் அன்றைக்கு அவனையும் அவன் மனைவி ஆண்டாயியையும் விடிந்ததும் வரச் சொல்லியிருந்தார். இதே பைக்கில்தான் அவனையும் ஏற்றிக்கொண்டு போனார். காரியம் முடிந்த மறுவாரம் ஆண்டாயி சுகாதார நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். எங்கே கடித்தது, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது, மருந்து இருந்ததா, எத்தனை மணிக்கு உயிர் போயிற்று, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும், அதுவரை எழுந்திருக்க மாட்டேன் என்று. உங்கள் தோப்பு ஆள்தானே, வந்து கூட்டிப்போங்கள் என்று பிலவேந்திரனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். தோப்பில் பாம்பு கடித்து ஆள் செத்தது என்று எழுதிவிட்டால் நாளைக்கு எவன் வேலைக்கு வருவான் என்ற கவலை அவருக்கு. அவர் போய் நின்று சொன்ன வார்த்தை அவர் காதிலேயே இப்போது கேட்டது.

"ஆளே போயிட்டான். எழுதி என்ன ஆவப்போவுது? எந்திரி, போவலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. மாலை வரைக்கும் உட்கார்ந்திருந்து, அப்போதிருந்த நர்ஸ் எழுதி முடித்து அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவர் தோப்புக்கு வேலைக்கு வரவே இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பிலவேந்திரன் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சுபா பிழைத்தாள் என்கிற நன்றியும், அன்றைக்கு அப்படிச் சொன்னோமே என்கிற வெட்கமும் ஒன்றாகச் சேர்ந்து அவரை ஒரு வழி பண்ணிவிட்டன. அவள் மட்டும் அவர் பேச்சைக் கேட்டு எழுந்திருந்தால் இன்றைக்குச் சுபா இல்லை. இதை அவர் செந்துறை வருவதற்குள் பத்துத் தடவையாவது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று ராத்திரி சுபாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவள் ஒன்றும் திட்டவில்லை. "காலையில மொத வேலையாப் போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை காலனித் தெருமுனையில் பைக்கை நிறுத்தினார். இருபது வருஷம் அந்த முனையில் நின்று ஹாரன் அடித்துத்தான் அவர்களை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. எது வீடு என்றே ஒருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆண்டாயி இப்போது முந்திரி உடைக்கிற ஷெட்டில் வேலை பார்க்கிறாள். கிளம்பத் தயாராக இருந்தாள். கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துக் கிடந்தது. வாசலில் அவரைப் பார்த்ததும், "வாங்கண்ணே. சுபாக்கா எப்புடி இருக்கு? கேள்விப்பட்டேன்" என்றாள்.

"நல்லாருக்கா" என்றார். உள்ளே போய், அவள் எடுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் மதுரைவீரன் படம். பெரம்பலூரில் பரணிதரன் படித்துக் காட்டியதைத் தனக்கு விளங்கிய மட்டும் சொன்னார். ஏழு நாற்பது, எட்டு ஐந்து, எட்டு ஐம்பது என்று அவர் சொல்லச் சொல்ல ஆண்டாயியின் உதடும் சத்தமில்லாமல் கூடவே சொன்னது. மணிக் கணக்கு அவளுக்கு மனப்பாடம்.

"அன்னைக்கு நீ எழுதச் சொன்னத ஒரு மெஷினு படிச்சிருக்கு ஆண்டாயி. படிச்சிட்டு மருந்த அனுப்பியிருக்கு. அதுலதான் சுபா பொழைச்சா."

ஆண்டாயி கறுத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எழுதி என்ன ஆவப்போவுதுன்னு நான் அன்னைக்குச் சொன்னேன்."

"சொன்னீங்க" என்றாள்.

"தப்பு. எம்மேல தப்பு. மன்னிச்சுக்க."

ஆண்டாயி எழுந்து உள்ளே போனாள். அரிவாள்மணையும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும் கொண்டுவந்து சாக்கை அவிழ்த்தாள். பழம் சரியான பதத்தில் இருந்தது, இன்னும் ஒரு நாள் விட்டால் வெடித்திருக்கும். கைக்கு எண்ணெய் தடவி, பழத்தைப் பிளந்தாள். முதல் சுளையைப் படத்துக்கு முன்னால் வைத்தாள். இரண்டாவதை அவரிடம் நீட்டினாள்.

"அவருக்கு வரவேண்டிய பொட்டிண்ணே அது. ரெண்டு வருசம் லேட்டா வந்திருக்கு" என்றாள். "போவட்டும். அக்காவுக்காவது வந்துச்சே."

பிலவேந்திரன் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். அவள் அவரை அழவிட்டு, மீதிச் சுளைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அமல்தாஸ் நோட்டைத் திறந்தார். பெயரைக் கேட்டதும் பேனா நின்றது. "மதுரைவீரனா? அது அவங்க சாமி பேராச்சே. கோயில்ல எப்புடி வாசிக்கறது?"

"வாயாலதான்" என்றாள் சுபா. "மதுரைவீரன், ஆண்டாயி. ரெண்டு பேரையும் எழுதுங்க."

அமல்தாஸ் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் நிறைந்திருந்தது. ஆண்டாயி நீலச் சேலையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சுபா முன்னால் வரச் சொல்லியும் அவள் வரவில்லை. கடைசியில் சுபாவும் பிலவேந்திரனும்தான் பின்னால் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நர்ஸ் ஆர்த்தி வந்திருந்தாள். உத்திராபதியும், அன்றைக்கு வேனுக்கு லீவு என்று சொல்லிக்கொண்டு, ஓரமாக வந்து நின்றார்.

அமல்தாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார். "இன்றைய திருப்பலி, சுபாவின் உயிரைக் காத்த மருந்து வந்து சேரக் காரணமான மதுரைவீரனுக்கும், அவர் மனைவி ஆண்டாயிக்கும் நன்றியாக, பிலவேந்திரன் குடும்பத்தாரால் ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

பெயர் வாசிக்கும்போது கோயிலில் யாரும் எழுந்திருப்பதில்லை. ஆண்டாயிக்கு அது தெரியாது. புருஷன் பெயரைக் கூப்பிட்டதும், ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால் எழுந்து நிற்பதுபோல அவள் எழுந்து நின்றாள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உட்காரச் சொல்லலாமா என்று அமல்தாஸ் பூசை வைக்கும் சாமியாரைப் பார்த்தார்.

பிலவேந்திரன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஆண்டாயிக்குப் பக்கத்தில் எழுந்து நின்றார். வீங்கிய கையைப் பெஞ்சில் ஊன்றிக்கொண்டு சுபாவும் எழுந்தாள்.